பத்ரா மேல் பன்னிரண்டு பாட்டில்

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் என் மதினி வீடு இருக்கிறது. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, அதற்கு மேல் தகரக் கூரை. பம்பாய்த் தமிழில் அதற்குப் பத்ரா என்று பெயர். குழாயில் விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் வரும், ஏழு மணிக்குள் நின்றுவிடும். முதலில் வரும் இரண்டு குடம் லேசாக மஞ்சள் தட்டி, சாக்கடை வாடையோடு இருக்கும். அதைத் துணி அலசவும் வாசல் கழுவவும் ஒதுக்கிவிட்டு, அடுத்துத் தெளிந்து வருவதை டிரம்மில் பிடிப்பார்கள். அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் இதுதான் பழக்கம்.

போன வருஷம் ஜனவரியில் மதினியின் சின்னவளுக்கு ஒரே மாதத்தில் இரண்டாவது தடவையாகப் பேதி. நாலு வயதுக் குழந்தை. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துத் தேற்றி வைத்திருந்தார்கள். நான் போனபோது கன்னமெல்லாம் ஒட்டிப்போய் மடியில் படுத்திருந்தாள். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.

"தண்ணி கண்ணாடி மாதிரித்தான புள்ள இருக்கு, இதுல என்ன இருக்கப் போவுது?" என்றார் மதினி.

தண்ணீர்ச் சோதனை செய்யும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. மறுநாள் வரும்போது நான்கு குப்பிகளைக் கொண்டுவந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடிக் குப்பி, அதற்குள் மருந்தில் நனைத்துக் காயவைத்த காகிதத் துண்டு. கோடு வரைக்கும் தண்ணீரை ஊற்றி மூடி, வீட்டு அலமாரியிலேயே ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். மலத்திலிருந்து வரும் பாக்டீரியாக்கள் இருந்தால் அவை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும், அது காகிதத்தில் உள்ள இரும்பு உப்போடு சேர்ந்து தண்ணீரைக் கறுப்பாக்கிவிடும். 1982-ல் மாஞ்சா, மௌர்யா, ராவ் என்ற மூன்று இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட முறை இது. கிருமி எத்தனை என்று இது எண்ணிச் சொல்லாது, உண்டா இல்லையா என்றுதான் சொல்லும். ஒரு வீட்டுக்கு அந்தப் பதில் போதும் என்பது என் அனுபவம்.

இரண்டாம் நாள் காலையில் நான்கு குப்பியும் மை ஊற்றியதுபோல் கறுத்திருந்தன. தெளிந்த பிறகு பிடித்த தண்ணீர் இருந்த குப்பியும் கறுப்புத்தான். மதினி அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. டிரம்மின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

இதற்கு மும்பையின் ஏரிகளைக் குற்றம் சொல்ல முடியாது. பாட்சா, தான்சா, வைதர்ணா என்று எங்கெங்கோ உள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 385 கோடி லிட்டர் தண்ணீர் நகரத்துக்கு வருகிறது. அதைச் சுத்திகரித்து, குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். கெடுவது கடைசிக் கொஞ்ச தூரத்தில். மதினி வீட்டுக்கும் பக்கத்து நான்கு வீடுகளுக்கும் சேர்த்துப் போட்ட குழாய், சந்தின் நடுவே ஓடும் கட்டருக்குள், அதாவது சாக்கடைக்குள், மூழ்கித்தான் வருகிறது. தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும் நேரத்தில் ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். ஏழு மணிக்குத் தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது, அப்போது அதே ஓட்டை வழியாகக் கட்டர் நீர் உள்ளே இறங்குகிறது. யாராவது மோட்டார் போட்டு இழுத்தால் கேட்கவே வேண்டாம், குழாய் வெளியில் உள்ளதையும் சேர்த்து உறிஞ்சும். மறுநாள் காலையில் வரும் முதல் இரண்டு குடத்தின் வாடை இப்படித்தான் வருகிறது. பின்னால் வரும் தண்ணீர் தெளிவாக இருந்தாலும், குழாய்க்குள் ஒட்டிக்கொண்டது கழுவிப் போவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஐந்து பேர் குடிக்கும் தண்ணீரைத் தினமும் கொதிக்கவைத்தால் சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று மதினி என்னைக் கேட்டார். மாட்டுங்காவில் நான்கு வீடுகளில் வேலை செய்பவர், அந்தக் கணக்கு அவருக்கு விரல் நுனியில் இருந்தது. குளோரின் சொட்டு விட்டால் தண்ணீரில் மருந்து நெடி என்று, அந்த வீட்டிலேயே இருக்கும் அத்தை வாயில் வைக்க மாட்டேன் என்றார். பெரிய சுத்திகரிப்பு எந்திரத்துக்குக் காசும் இல்லை, மாட்டச் சுவரும் இல்லை. தலைக்கு மேல் தகரக் கூரை மட்டும் நாளெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

வெயில் கிருமியைக் கொல்லும் என்பதை 1877-லேயே டவுன்ஸ், பிளன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் காட்டிவிட்டார்கள். குடிதண்ணீருக்கு அதைப் பயன்படுத்தும் வழியை 1980 வாக்கில் பெய்ரூட்டில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்திம் அக்ரா என்ற பேராசிரியர் சோதித்தார். அவர் முதலில் எடுத்துக்கொண்டது பேதி கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்கும் அதே உப்புச் சர்க்கரைக் கரைசலை. மருந்தாகக் கொடுப்பதையே கெட்ட தண்ணீரில் கரைத்தால் என்ன பலன் என்ற கேள்வி அவருக்கு. மதினி மடியில் அந்தக் குழந்தையைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அதே கேள்விதான். 1991-லிருந்து சுவிட்சர்லாந்தின் ஈவாக் என்ற நீர் ஆராய்ச்சி நிறுவனம் இதை வளர்த்தெடுத்து, ஏழை வீடுகளுக்கு ஏற்ற முறையாக ஆக்கியது.

முறை எளிது. நிறமில்லாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில், இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டாம். முக்கால் பாகம் தண்ணீர் பிடித்து, மூடி, இருபது விநாடி நன்றாகக் குலுக்கி, அப்புறம் முழுக்க நிரப்பி, வெயிலில் படுக்கவைக்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் ஆறு மணி நேரம். பாதிக்கு மேல் மேகம் என்றால் இரண்டு முழு நாள். விடாத மழை என்றால் வைத்துப் பயனில்லை.

குலுக்குவதை யாரும் சடங்காக நினைக்கக்கூடாது. தரைக்கு வந்து சேரும் வெயிலில் புற ஊதா ஏ என்ற கதிர் இருக்கிறது, அலைநீளம் 320 முதல் 400 நானோமீட்டர். அது கிருமியின் உடலுக்குள் உள்ள சில பொருள்களில் பட்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை மூர்க்கமான வடிவங்களுக்கு மாற்றுகிறது. அவை கிருமியின் சவ்வையும் மரபணுவையும் சிதைக்கின்றன. காற்று நன்றாகக் கரைந்திருந்தால் வேலை வேகமாக நடக்கும், அதற்காகத்தான் குலுக்கல். கூடவே சூடும் சேர்ந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் 50 டிகிரியைத் தொட்டுவிட்டால் ஒரு மணி நேரமே போதும் என்கிறார்கள். வீட்டுச் சுத்திகரிப்பு எந்திரத்தின் விளக்கில் வருவது புற ஊதா சி, அது வேறு. சூரியனின் அந்தக் கதிர் காற்று மண்டலத்தைத் தாண்டிக் கீழே வருவதே இல்லை. எந்திரம் சில நொடியில் செய்வதற்கு வெயிலுக்கு ஆறு மணி நேரம் பிடிக்கிறது.

பாட்டில் எது என்பதில்தான் முதல் சந்தேகம். தாராவியில் இதைக் கேட்க ஆளுக்கா பஞ்சம்? பதிமூணாம் காம்பவுண்டில் பங்கார், அதாவது கழிவுச் சாமான், தரம்பிரிக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். கையில் இருந்த பாட்டிலை விரலால் ஒரு அழுத்து அழுத்தி, சத்தத்தைக் கேட்டு, அடியைத் திருப்பினார்.

"முக்கோணத்துக்குள்ள ஒண்ணுன்னு போட்டிருக்கா? அப்போ பெட்டு. இந்தா இதப் பாருங்க, கொஞ்சம் நீலம் ஓடுதுல்லா, இது பிவிசி. கொளுத்துனா மூக்க அரிக்கும். இது ஒங்களுக்கு ஆவாது தாயி."

பங்காரிலிருந்து எதையும் எடுக்கவில்லை, படித்துக்கொள்ளத்தான் போனேன். கடையில் வாங்கித் தண்ணீர் குடித்த பாட்டில்களையே பன்னிரண்டு சேர்த்து, மேலே ஒட்டிய தாளை முழுக்க உரித்து, சோப்புப் போட்டுக் கழுவினோம். ஆறு பாட்டில் கூரையில், ஆறு பாட்டில் வீட்டில், மறுநாள் மாறும்.

வெயிலில் வைத்த பிளாஸ்டிக் பாட்டிலில் குடித்தால் புற்றுநோய் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை மதினியின் மூத்தவன் காட்டினான். நியாயமான பயம்தான். பெட் பாட்டிலிலிருந்து இப்படித் தண்ணீரில் இறங்கும் பொருள்களை அளந்து பார்த்திருக்கிறார்கள், குடிதண்ணீருக்கான வரம்புக்கு வெகு கீழேதான் இருந்திருக்கிறது. கீறல் விழுந்து மங்கிய பாட்டிலை மாற்றவேண்டியது வேறு காரணத்துக்காக: அதற்குள் கதிர் சரியாக நுழையாது. கலங்கிய தண்ணீருக்கும் இதே காரணம்தான். நிரப்பிய பாட்டிலைப் பேப்பரின் தலைப்பு எழுத்து மேல் நிறுத்தி, திறந்த வாய் வழியாக மேலிருந்து பார்த்தால் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். தெரியாவிட்டால் வடிகட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும். மூத்தவன் தமிழ்ப் பேப்பரை வைத்துத் தலைப்பைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். பன்னிரண்டு வயது. கூரைக்கு ஏறும் இரும்பு ஏணி செங்குத்து. மதினி ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார், அத்தையால் ஏற முடியாது. அதனால் அன்று முதல் பாட்டில் அவன் பொறுப்பு ஆனது. தகரத்தின் பள்ளங்களில் பாட்டில் உருளாமல் அழகாகப் படுத்துக்கொண்டது.

முதல் வாரக் குப்பிகள் கறுத்தன.

எனக்கு அது பெரிய அடி. புத்தகத்தில் உள்ளபடிதானே எல்லாம் செய்தோம்? ஞாயிற்றுக்கிழமை நானே ஏணியில் ஏறிக் கூரை ஓரத்தில் காலையிலிருந்து உட்கார்ந்தேன். பதில் பத்து மணிக்கே கிடைத்தது. தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பியிருந்தார். அந்தச் சுவர் எங்கள் கூரையைவிடப் பத்தடி உயரம். மும்பை இருப்பது வட அட்சம் 19 டிகிரியில், பிப்ரவரித் தொடக்கத்தில் உச்சிவெயில்கூடத் தெற்கே சாய்ந்துதான் விழும். பத்தடிச் சுவருக்கு ஏழடி நிழல். பையன் ஏணி முடியும் இடத்திலேயே, அதாவது சுவரை ஒட்டியே, பாட்டில்களை அடுக்கியிருந்தான். ஆறு மணி நேரம் என்று நாங்கள் கணக்குப் போட்டதில் பாதி நேரம் அவை நிழலில்தான் கிடந்திருக்கின்றன.

வடக்கு ஓரத்துக்கு மாற்றினோம். அப்புறம் குப்பி தெளிவாக இருந்தது. ஆனால் அதே தண்ணீரைச் சமையல் மேடையில் உள்ள பானையிலிருந்து எடுத்து வைத்தால் கறுப்பு! இதற்கு எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. மாலையில் பாட்டிலை இறக்கி, ஆறவைப்பதற்காகப் பானையில் ஊற்றிவிடுவார்கள். பானைக்குள் ஒரு சொம்பு, அந்தச் சொம்புக்குள் எல்லார் விரலும். குளோரின் போட்ட தண்ணீரில் மிச்ச மருந்து கொஞ்சம் இருந்து காவல் காக்கும். வெயில் அப்படி எதையும் விட்டுவைப்பதில்லை. சுத்தமான தண்ணீரில் ஒரு விரல் பட்டால் கதை முதலிலிருந்து ஆரம்பம். ஆகவே பானையை எடுத்துவிட்டோம். ஒவ்வொருவருக்கும் பாட்டிலிலிருந்து நேரே தம்ளருக்கு, ஒரு நாளுக்குள் குடித்துவிட வேண்டும். சூடாக இருக்கிறது என்று அத்தை முகம் சுளித்தார். பாட்டிலை ஈரத்துணியால் சுற்றி ஜன்னலில் வைத்தபோது அதுவும் தீர்ந்தது.

மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் நன்றாகப் போனது. மே நடுவில் சூரியன் நேர் தலைக்கு மேல், தகரத்தில் கைவைக்க முடியாது, பாட்டிலைத் துணி பிடித்துத்தான் எடுக்க வேண்டும். நான் வைத்த குப்பிகள் பெரும்பாலும் தெளிவாகவே இருந்தன. கறுத்த நாட்களை மதினியோடு உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே பையனின் பரீட்சை நாட்கள். அவன் ஏணி ஏறவில்லை, யாரும் ஏறவில்லை, குழாய்த் தண்ணீரையே குடித்திருக்கிறார்கள். சின்னவள் தேறிவிட்டாள். ஒரு வீட்டை வைத்து வெயில்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் துணிய மாட்டேன். அதைச் சொல்லும் தகுதி வேலூரில் நடந்த ஆய்வுக்கு உண்டு. 2006-ல் வெளியான அந்த ஆய்வில் வேலூர்ப் பக்கத்துக் குழந்தைகள் 100 பேருக்கு வெயிலில் வைத்த தண்ணீர், இன்னொரு 100 பேருக்கு வழக்கமான தண்ணீர். ஆறு மாதம் வாரந்தோறும் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். வெயில் தண்ணீர் குடித்தவர்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு வருஷத்துக்கு 1.7 முறை பேதி, மற்றவர்களுக்கு 2.7. இதில் என்னை உலுக்கிய எண் வேறு: வெயில் தண்ணீர் கொடுக்கப்பட்ட குழந்தைகளில் 86 சதவீதம் பேர் இடையிடையே வேறு தண்ணீரும் குடித்திருக்கிறார்கள். குழந்தை என்றால் பால்வாடியில் குடிக்கும், பக்கத்து வீட்டில் குடிக்கும், தாகம் எடுத்த இடத்தில் குடிக்கும். அப்படியும் பலன் இருந்தது.

பொலிவியாவில் 22 ஊர்களில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறு. அங்கே பேதி குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெயிலில் தண்ணீர் வைப்பதைச் செய்தவர்களும் மூன்றில் ஒரு பங்குதான். இந்த முறையே தோற்றது என்று சிலர் அதை எடுத்துக்காட்டுவார்கள். நான் அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் செங்குத்து ஏணிதான் கண்முன் வருகிறது. தினமும் பன்னிரண்டு கிலோ தண்ணீரைச் சுமந்து மேலே ஏறி இறங்குவது ஒரு வேலை. அந்த வேலை வீட்டில் யார் தலையில் விழுகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கிடையில் பிளம்பரைக் கூட்டிவந்து ஐந்து வீட்டாரும் பணம் போட்டார்கள். கட்டருக்குள் கிடந்த குழாயைச் சுவரோரமாகத் தூக்கிக் கட்டினார்கள். வெட்டி எடுத்த பழைய துண்டின் இணைப்பில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துரு தின்றிருந்தது. அதை மதினி ரொம்ப நாள் வாசலிலேயே போட்டு வைத்திருந்தார், வருகிறவர்களுக்குக் காட்ட.

ஜூனில் மழை வந்தது. கூரை முழுக்க தாட்பத்ரி என்ற நீலத் தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டிவிட்டார்கள். மும்பையில் தகர வீடுகள் எல்லாம் அந்த நான்கு மாதம் அப்படித்தான் இருக்கும். வெயிலும் போயிற்று, பாட்டில் வைக்க இடமும் போயிற்று. கட்டர் நிரம்பிச் சந்தில் முழங்கால் தண்ணீர் நிற்பதும், பிள்ளைகளுக்கு வயிறு கெடுவதும் இதே மாதங்களில்தான். தேவை மிக அதிகமாக இருக்கும் காலத்தில் இந்த முறை கையில் இருக்காது. மும்பையில் இதைப் பரிந்துரைக்கிற எவரும் இதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். குழாயைத் தூக்கிக் கட்டிய பிறகும் ஜூலையில் ஒரு குப்பி கறுத்தது. அதனால் மழைக்காலத்துக்குக் குளோரின் மாத்திரைக்கு மாறினோம், போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். சின்னவளுக்கு மட்டும் கொதிக்கவைத்த தண்ணீர். ஒரு குழந்தைக்கு மட்டும் என்றால் சிலிண்டர் தாங்கும் என்று மதினியே கணக்குப் போட்டுச் சொன்னார். மருந்து நெடிக்கு அத்தை பழகிவிட்டார்.

வெயிலால் முடியாதவையும் உண்டு. நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக், சாயக் கழிவு எதுவும் பாட்டிலை விட்டுப் போகாது. போர்வெல் தண்ணீரை நம்பி இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாயத்தை உடைக்க வெயிலோடு ஓர் ஊக்கி சேர வேண்டும். வெள்ளைப் பெயின்டில் கலக்கிற டைட்டானியம் டை ஆக்சைடுதான் அது. ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற இரண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் 1972-ல் அதன் மேல் ஒளி பட்டால் தண்ணீரே பிரியும் என்று காட்டினார்கள். அதே ஒளியில் அது தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துணுக்கை உண்டாக்கும், சாயமூலக்கூறு அதனிடம் தப்பாது. ஆனால் அந்தப் பொருளுக்குப் புற ஊதாதான் பிடிக்கும், வெயிலில் அதன் பங்கு ஐந்து சதவீதம் அளவுதான். அதோடு பொடியைத் தண்ணீரிலிருந்து திரும்பப் பிரிக்கவும் வேண்டும். வீட்டுக் கூரைக்கு உரிய வேலை இல்லை அது.

அக்டோபரில் தாட்பத்ரியைக் கழற்றியதும் பாட்டில்கள் மறுபடி மேலே போயின. நவம்பரில் பையன் எனக்குப் போன் செய்தான். "அத்தை, வடக்குப் பக்கமும் நிழலு வந்துட்டு." நேரில் போய் அளந்தோம். அதே பத்தடிச் சுவர், டிசம்பர் உச்சியில் ஒன்பதடி நிழல் தரும். எங்கள் கூரையின் அகலமே பத்தடி. மிஞ்சும் ஓரடியில் என்ன வைக்க முடியும்?

சந்து முனையில் ஒரு பெரியம்மா வீடு. மாடி இல்லாத ஒற்றை அறை, தெற்கே பிள்ளைகள் விளையாடும் திறந்த இடம். மதினி போய்க் கேட்டார். பெரியம்மா எங்களை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, "வெயிலுக்கு நான் என்ன வாடகையா வாங்கப் போறேன், வச்சுக்கோங்க. எனக்கும் ரெண்டு பாட்டில் சேத்து வையுங்க" என்றார். அந்தக் கூரைக்கு ஏணி தேவையில்லை, ஒரு ஸ்டூல் போட்டு நின்றால் கை எட்டும். மதினி இப்போது ஏழு மணிக்கு வேலைக்குப் போகிற வழியில் தானே அடுக்கிவிட்டுப் போகிறார், எட்டு பாட்டில்.